பிளாக்பள்ளியின் பெயர்க்கதை: எடுத்துரைப்புச் சங்கேதங்களும் புலம்பெயர்ந்தோர் வரலாறும்

பெங்களூர்ச் சிவாஜிநகரில், ரசல் சந்தைக்கு அண்மையில் நிற்கும் புனித மரியன்னை பசிலிக்காவுக்கு ஒரு வரலாறு சொல்லப்படுகிறது. திருவிழாக் காலப் பேச்சுகளிலும் நாளிதழ்ச் செய்திகளிலும் நகர வரலாற்று நூல்களிலும் சிற்சில மாறுதல்களோடு திரும்பத் திரும்ப இடம்பெறுவது அது. அதன் சாரம் வருமாறு: 17ஆம் நூற்றாண்டில் செஞ்சியிலிருந்து தமிழ்க் கிறித்தவர் சிலர் புறப்பட்டு வந்து இவ்விடத்தில் குடியமர்ந்தனர். வெள்ளரிசி விளைவித்தனர். அதனால் ஊர் 'பிளி அக்கி பள்ளி' எனப் பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபே துபுவா என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் அவர்களுக்காகக் கூரை வேய்ந்த சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். அது காணிக்கை மாதா கோயில் என வழங்கியது. ஊர்ப்பெயர் ஆங்கிலேயர் நாவில் 'பிளாக்பள்ளி' ஆயிற்று. பின்னர் ஆலயம் வளர்ந்தது. 1875இல் தொடங்கப்பெற்ற கோத்திக் பாணிக் கட்டடம் 1882 செப்டம்பர் 8ஆம் நாள் அருட்பொழிவு செய்யப்பட்டது. 1973இல் அதற்குப் பசிலிக்கா என்னும் தகுதி வழங்கப்பட்டது.

வரலாற்றாய்வாளர் இவ்வுரையை இரண்டாகப் பிரிப்பர். 1875, 1882, 1973 என்பன சான்றுடையவை. செஞ்சியும் வெள்ளரிசியும் செவிவழிச் செய்தி என ஒதுக்குவர். பக்தர் அவ்வாறு பிரிப்பதில்லை, முழுவதையும் ஏற்பர். இவ்விரு அணுகுமுறைகளிலும் விடுபட்டுப்போவது ஒன்றுண்டு. இவ்வுரை ஏன் இந்த வடிவில் சொல்லப்படுகிறது என்னும் கேள்வியே அது. செஞ்சி ஏன், அரிசி ஏன், அரிசிக்கு வெண்மை ஏன் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு கதை தனக்குள் கொண்டுள்ள சங்கேதங்களே அதன் மிகப் பழைய சான்றாக இருக்கக்கூடும் என்னும் கருத்தினை இக்கட்டுரை முன்வைக்கிறது.

சங்கேதம் என்பது

ரோலன் பார்த் 1970இல் வெளியிட்ட 'எஸ்/இசட்' என்னும் நூலில், பால்சாக் 1830இல் எழுதிய 'சராசீன்' என்னும் குறும்புனைவை 561 வாசிப்பலகுகளாகத் துண்டாடி, ஒவ்வொன்றிலும் பொருள் எவ்வாறு பிறக்கிறது என்பதனை ஆராய்ந்தார். புதிரை எழுப்பி விடையைத் தள்ளிப்போடுவது, செயல்களை வரிசைப்படுத்துவது, ஆளுக்கும் இடத்துக்கும் பண்பேற்றுவது, எதிர்வுகளை நிறுவுவது, பொதுவறிவாகக் கருதப்படுவதைச் சுட்டுவது என ஐந்து சங்கேதங்களை அவர் இனங்கண்டார். இவை ஆசிரியர் கண்டுபிடித்தவை அல்ல. வாசகர் முன்பே வாசித்தவற்றின் எச்சங்கள் என்பது அவர் நிலைப்பாடு.

தமிழில் இச்சிந்தனைகள் வேரூன்றியதற்கும் இந்நகருக்கும் தொடர்புண்டு. அமைப்பியலைத் தமிழுக்கு விரிவாக அறிமுகப்படுத்திய 'ஸ்ட்ரக்சுரலிசம்' (1982) என்னும் நூலை எழுதிய தமிழவன், பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிற்றுவித்தவர். அவருடைய முதல் புதினத்தின் தலைப்பே 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' (1985) என்பதாகும். பார்த்தின் கொள்கையை இதனினும் சுருக்கமாக எவரும் தமிழில் சொன்னதாகத் தெரியவில்லை.

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் உறுப்புகளுள் 'முன்னம்', 'எச்சம்' ஆகிய இரண்டும் இங்குக் கருதத்தக்கன. இவ்விடத்து, இக்காலத்து, இன்னார்க்கு இன்னார் கூறியது என்று உணரவைப்பது முன்னம். கூற்று முடிவுறாது நின்று, சொல்லாலோ குறிப்பாலோ நிறைவு பெறுவது எச்சம். இவற்றைக் காட்டி, பார்த் கூறியதனைத்தையும் தொல்காப்பியர் அன்றே கூறிவிட்டார் என முழங்கும் வழக்கம் நம் கருத்தரங்குகளில் உண்டு. அது இருவருக்கும் நீதி செய்வதாகாது. ஆயினும் பொருளை நிறைவு செய்பவர் கேட்போரே என்பதில் இவ்விரு மரபுகளும் உடன்படுகின்றன. பிளாக்பள்ளிக் கதையை ஆராய்வதற்கு அவ்வுடன்பாடு போதுமானது.

அரிசி, பறவை, ஆள், நிறம்

பிளாக்பள்ளி என்னும் பெயருக்குக் குறைந்தது நான்கு விளக்கங்கள் வழங்குகின்றன. முதலாவது மேலே கண்ட பிளி அக்கி, அதாவது வெள்ளரிசி. இரண்டாவது, பிளி ஹக்கி, வெண்பறவை. கன்னடத்தில் அக்கி அரிசியையும் ஹக்கி பறவையையும் குறிக்கும். ஓர் ஒலி கூடினால் வயல் மறைந்து ஏரிக்கரை தோன்றிவிடுகிறது. 'எஸ்', 'இசட்' என்னும் இரண்டு எழுத்துகளின் வேறுபாட்டில் ஒரு நூலையே எழுப்பிய பார்த்துக்கு இது மகிழ்ச்சி அளித்திருக்கும். மூன்றாவது விளக்கம், தண்டுப் பகுதியின் அமைப்பை வகுத்தவராகக் கூறப்படும் சென்னைப் படைப்பொறியாளர் ஜான் பிளாக்கிஸ்டனின் பெயரோடு ஊரைத் தொடர்புபடுத்துகிறது. நான்காவது எவரும் விளக்கமாகச் சொல்லாதது; ஆனால் ஆங்கிலம் அறிந்த எவர் காதிலும் தானே விழுவது. பிளாக் என்பது கறுப்பு. சென்னைக் கோட்டைக்கு வெளியே சுதேசிகள் வாழ்ந்த பகுதியைக் கறுப்பர் நகரம் என்றே ஆங்கிலேயர் அழைத்தனர். 1911இல்தான் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. சென்னையிலிருந்து வந்த படை அதே காதோடுதான் பெங்களூருக்கும் வந்தது.

இந்நான்கனுள் எது சரி என்று தீர்ப்பது இங்கு நோக்கமன்று. சொல்லின் வடிவம் குறித்து ஒன்று மட்டும் கூறலாம். சொன்முதற் பகரம் கன்னடத்தில் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டு முதல் படிப்படியாக ஹகரமாயிற்று. பால் ஹாலு ஆனது. பள்ளி ஹள்ளி ஆனது. பழங்கன்னடப் பக்கியே ஹக்கி ஆனது. ஆகவே 17ஆம் நூற்றாண்டில் கன்னடர் இட்ட பெயராயின் பிளி அக்கி ஹள்ளி என்றிருத்தல் வேண்டும். பள்ளி என்னும் வடிவம் தமிழுக்கும் தெலுங்குக்கும் உரியது. மறுதலையாக, தமிழர் இட்ட பெயராயின் 'அக்கி' வந்திருக்காது. வெள்ளரிசிப்பள்ளி போன்ற ஒன்றாகவே அமைந்திருக்கும். ஆக, கதை காட்டும் பெயர் முன்பாதி கன்னடமும் பின்பாதி தமிழுமாக நிற்கிறது. சென்னைப் படையோடு வந்த எழுத்தர்கள் ஹள்ளியைப் பள்ளி எனப் பதிந்திருக்கவும் கூடும். எவ்வாறாயினும், விளைபொருளுக்கு மண்ணின் மொழியும் குடியிருப்புக்கு வந்தவர் மொழியும் என்னும் இப்பகுப்பு கதையின் உள்ளடக்கத்தோடு இயைந்து போகிறது. பெயரே ஒரு சிறு கதையாக உள்ளது.

எதிர்வுச் சங்கேதம் என்று பார்த் குறிப்பது இவ்விடத்தில் தெளிவாகச் செயற்படுகிறது. கறுப்பு என்று காதில் விழும் பெயருக்கு வெள்ளை என்பது விளக்கமாகிறது. அரிசியாயினும் பறவையாயினும் வெண்மை மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. தம்மைக் கறுப்பர் என்று சுட்டிய பெயரைப் பெயர்ச்சொல்லாய்வின் வழியே வெண்மையாக்கிக்கொண்ட ஒரு மக்கள் கூட்டத்தின் மறுமொழியாக இதனைக் கொள்ளலாம் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. விளக்கம் பழையதாகவும் இருக்கலாம், பின்னெழுந்ததாகவும் இருக்கலாம். அது நிலைபெற்றதற்கு அதன் மெய்ம்மை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது.

எந்தச் செஞ்சி?

கதையின் முதற்செயல் செஞ்சியிலிருந்து புறப்படுதல். காரணம் சொல்லப்படுவதில்லை. கேட்போரும் கேட்பதில்லை. இதுவே வியப்புக்குரியது. புறப்பாட்டுக்குக் காரணம் கூறாத கதை பொதுவாகக் குறையுடையதாகத் தோன்றும். இங்கு அவ்வாறு தோன்றாமைக்குக் காரணம், தமிழ்க் காதுக்குச் செஞ்சி என்னும் சொல்லே காரணத்தைச் சொல்லிவிடுகிறது என்பதாகும். தேசிங்குராசன் கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்குச் செஞ்சி ஓர் ஊர் மட்டுமன்று, வீழ்ச்சிக்குப் பெயர். ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து 1714இல் தேசிங்கு மடிந்ததும், மணக்கோலத்தை விட்டுப் போர்க்களம் புகுந்த அவன் இசுலாமிய நண்பன் மடிந்ததும் கதைப்பாடலால் தமிழகம் முழுதும் பரவின. செஞ்சியிலிருந்து வந்தோர் என்றால் எல்லாம் இழந்து வந்தோர் என்று பொருள்படும். தொல்காப்பியர் கூறும் குறிப்பால் முடியும் எச்சத்திற்கு இது தக்க சான்று.

ஆனால் வரலாற்றில் செஞ்சி ஒருமுறை வீழவில்லை. 1677இல் சிவாஜி அதனைக் கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம் அங்கிருந்து முகலாயரை எதிர்த்து நிற்க, நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் கோட்டை முகலாயர் வசமாயிற்று. 1714இல் தேசிங்கு. 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. 1761இல் ஆங்கிலேயர். 1780இல் ஐதர் அலியின் படை. கதை 17ஆம் நூற்றாண்டு என்கிறது. கேட்பவர் மனமோ 18ஆம் நூற்றாண்டுத் தேசிங்கை நாடுகிறது. இவ்விரண்டும் பொருந்தவில்லை என்பது கதைக்குள் உறுத்துவதில்லை; ஏனெனில் சங்கேதம் ஆண்டுக்கணக்கில் இயங்குவதன்று. 1780ஐ ஒட்டிய படையெடுப்பில் கருநாடகச் சமவெளி மக்கள் பெருந்தொகையினர் மைசூர் நாட்டுக்குள் கொண்டுசெல்லப்பட்டனர் என்பதும் வரலாறு. அவருள் செஞ்சிப் பகுதியினர் இருந்திருத்தல் இயலாததன்று. அவ்வாறு நேர்ந்திருப்பின், சிறைப்பட்டு வந்தவர் தாமே புறப்பட்டு வந்தவராகக் கதையில் மாறியுள்ளனர் என்று கொள்ள வேண்டியிருக்கும். இதற்கு நேரிய சான்று இல்லை. ஆயினும் கேள்வியைத் திறந்து வைப்பது தகும்.

ஏரும் தண்டும்

கதையின் செயல்வரிசையில் ஒரு பெரும் இடைவெளி உள்ளது. குடியேற்றம் 17ஆம் நூற்றாண்டில். கூரைக் கோயில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடைப்பட்ட நூறாண்டுக்கும் மேலான காலத்தில் நிகழ்வது ஒன்றே ஒன்று: அரிசி விளைகிறது. அந்த ஒரு செயலைக் கொண்டு கதை தன் முழு நெடுமையையும் நிரப்பிக்கொள்கிறது.

இவ்விடைவெளிக்கு வெளியே, சான்றுள்ள வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின் ஆங்கிலேயப் படை அங்கு நோய்க்கு உள்ளாயிற்று. 1809இல் பெங்களூரில் பாசறை அமைக்கப்பட்டது. கன்னடர் அதனைத் தண்டு என்றனர். தமிழரும் அவ்வாறே வழங்கினர். சென்னைப் படையின் சிப்பாய்கள், அவர்களுக்குப் பண்டம் வழங்கிய வணிகர், கட்டட ஒப்பந்தக்காரர், துரைமார் வீட்டுச் சமையற்காரர், குதிரைக்காரர், வண்ணார், தச்சர் எனத் தமிழ் பேசுவோர் பெருந்தொகையாக வந்தது இப்போதுதான். 1881இல் மைசூர் அரசு உடையார் மரபினரிடம் திருப்பியளிக்கப்பட்டபோதும் தண்டு மட்டும் குடிமை இராணுவ நிலையம் என்னும் பெயரில் ஆங்கிலேயர் ஆட்சியிலேயே இருந்தது. 1947இல்தான் அது மைசூரிடம் வந்தது. 1949இல் பழைய பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. பிளாக்பள்ளி சிவாஜிநகரானது அதன் பின்னரேயாகும்.

இப்பின்னணியில் அரிசியின் பொருள் விளங்குகிறது. படையோடு வந்தவர் படை போனால் போகவேண்டியவர். ஊருக்கு அவர் அயலார். நிலத்தை உழுதவரோ குடி. தமிழ் இலக்கிய மரபில் உழவுக்குள்ள ஏற்றத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. மருதத்தின் கருப்பொருளாகிய நெல்லை ஒரு குழுவின் கையில் வைத்தால் போதும். அக்குழு அந்நிலத்தின் மக்களாகிவிடுகிறது. பண்பேற்றும் சங்கேதமும் பண்பாட்டுச் சங்கேதமும் இங்கு ஒன்றாக முடிச்சிடப்பட்டுள்ளன. 'நாங்கள் தண்டோடு வரவில்லை, ஏரோடு வந்தோம். 1809க்கு முன்னரே இருந்தோம்' என்பதே கதை சொல்லாமல் சொல்வது.

இவ்வாறு சொல்ல வேண்டிய தேவை எப்போது எழுந்தது என்று துணிந்து கூறல் அரிது. அத்தேவை இருந்தது என்பதில் ஐயமில்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூர்த் தமிழர் தாக்குதலுக்கு உள்ளாயினர். அல்சூர் ஏரிக்கரையில் அதே ஆண்டில் திறக்கப்பட வேண்டியிருந்த திருவள்ளுவர் சிலை மூடிய நிலையிலேயே நின்று, 2009 ஆகஸ்டு 9ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. ஆலய வழிபாட்டில் எம்மொழிக்கு முதலிடம் என்னும் பூசலும் இந்நகரத் திருச்சபையில் நீண்டகாலம் நிகழ்ந்தது. எப்போது வந்தீர்கள் என்னும் கேள்வி வாழ்வைத் தொடும் கேள்வியாக இருந்த ஓரிடத்தில், அரிசி விளைந்த கதை வெறும் சுவைக்காகச் சொல்லப்பட்டிருக்க இயலாது. தண்டோடு வந்தவர் நாணவேண்டிய காரணமும் ஏதுமில்லை. நகரின் கட்டடங்களும் பள்ளிகளும் சந்தைகளும் அவர்கள் உழைப்பால் எழுந்தவை. இருந்தும் கதை அவ்வுழைப்பைச் சொல்லாது நெல்லைச் சொல்கிறது. மரபு தந்த சங்கேதங்களுள் கூலியுழைப்புக்குச் சிறப்பான இடமில்லை என்பது நம் இலக்கிய மரபின் மீதே வைக்கத்தக்க விமரிசனமாகும்.

காணிக்கை

கோயிலின் பெயர் தனியே கருதத்தக்கது. கத்தோலிக்க வழக்கில் காணிக்கை மாதா என்பது இளம் மரியாள் ஆலயத்தில் ஒப்புக்கொடுக்கப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். நவம்பர் 21ஆம் நாள் அதற்குரியது. இறையியல் அறியாத பக்தர்க்கு அது காணிக்கை பெறும் மாதா. காண் என்னும் வேரிலிருந்து வந்த சொல், காணச் செல்பவர் கைக்கொண்டு செல்வதைச் சுட்டுவது. ஒரே பெயர், குருவானவர்க்கு மரியாளைக் காணிக்கையாகவும் மக்களுக்கு மரியாளைக் காணிக்கை ஏற்பவராகவும் காட்டுகிறது. இன்றைய பெருவிழா நவம்பரில் அன்று, மரியாளின் பிறந்த நாளாகிய செப்டம்பர் 8இல் நிகழ்கிறது. வேளாங்கண்ணித் திருவிழாவும் அதே நாள். கொடியேற்றம், காவியுடை, தேர் என இரண்டுக்கும் நடைமுறை ஒன்றே. வேளாங்கண்ணிக் கதையை முன்பே கேட்டவர் சிவாஜிநகர்க் கதையைக் கேட்கும்போது பாதியைத் தாமே நிரப்பிக்கொள்கிறார்.

கூரைக் கோயில் கற்கோயிலாகும் வரிசையும் தமிழருக்குப் பழக்கமானதே. செங்கல் தளிகளைச் செம்பியன் மாதேவியார் கற்றளிகளாக்கிய 10ஆம் நூற்றாண்டுச் செய்தி முதல், ஊர்தோறும் சொல்லப்படும் தலவரலாறுகள் வரை இவ்வளர்ச்சி வரிசையே அமைந்துள்ளது. முதலிற் சிறிதாக இருந்ததனாலேயே அது தொன்மையானது என்னும் முடிவு தானே பிறக்கிறது.

நிறுவியவராகக் கதையில் வரும் துபுவாவைப் பற்றியும் ஒரு சொல். 1792இல் இந்தியா வந்து, 1799க்குப் பின் மைசூர்ப் பகுதியில் பணியாற்றி, 1823இல் நாடு திரும்பியவர் அவர். இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றி அவர் பெயரில் 1816இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூல், பெரும்பகுதி இயேசு சபைப் பாதிரியார் கேர்தூவின் முந்தைய கையெழுத்துப்படியைச் சார்ந்தது என்பதனைச் சில்வியா மூர் 1987இல் நிறுவினார். ஏற்கெனவே எழுதப்பட்டதை மீண்டும் எழுதியவர், ஏற்கெனவே சொல்லப்பட்ட கதைக்குள் நிறுவுநராக அமர்ந்திருப்பது தற்செயலே; ஆயினும் மறக்கத்தக்கதன்று.

2025 செப்டம்பர் 8ஆம் நாள் பெருவிழாவில் கலந்துகொண்ட கருநாடக முதலமைச்சர் சித்தராமையா, சிவாஜிநகரில் அமையவிருந்த மெட்ரோ நிலையத்துக்குப் புனித மரியன்னையின் பெயரைச் சூட்டப் பரிந்துரைப்பதாகக் கூறினார். மகாராட்டிர முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் அதனைச் சிவாஜிக்கு இழைக்கும் அவமதிப்பு எனக் கண்டித்தார். செய்திகளில் எதிரெதிராக நிறுத்தப்பட்டவை இவ்விரு பெயர்களே. சிவாஜி என்னும் பெயருக்கும் இந்நகரில் வேருண்டு. 1638இல் பீஜப்பூர்ப் படை பெங்களூரைக் கைப்பற்றிய பின் அது சிவாஜியின் தந்தை சாகாஜியின் பொறுப்பில் இருந்தது.

இங்கு 1677ஐ மீண்டும் நினைவுகூரலாம். செஞ்சியைச் சிவாஜி கைப்பற்றிய அவ்வாண்டு, கதை குறிப்பிடும் 17ஆம் நூற்றாண்டுக்குள் அமைவது. இதுகாறும் இக்கட்டுரையாளர் கண்ட வடிவங்களுள் எதுவும் அதனைப் புறப்பாட்டுக்குக் காரணமாகக் காட்டவில்லை. நாளை எவரேனும், செஞ்சியைச் சிவாஜி பிடித்தபோது வெளியேறிய மக்களே இவ்வூரை நிறுவினர் என்றோ, அவர் படையோடு வந்தவரே இவர் என்றோ சொல்லத் தொடங்கினால், சான்று கேட்கப்படுமா என்பது ஐயத்துக்குரியது. அக்கதைக்கு வேண்டிய சங்கேதங்கள் அனைத்தும் முன்பே ஆயத்தமாக உள்ளன.